பல்லைப் பிடுங்கினால் மூட்டுவலி போகுமா? (ரோஸ்னோவும் அவர் முயல்களும்)

தாமிரபரணிக்காரன்:
என் பெரியம்மாவுக்குப் பத்து வருடமாக முடக்குவாதம். விரல்கள் கோணிவிட்டன. போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பற்களைப் பிடுங்கினால் மூட்டு சரியாகிவிடுமாம். அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ரோஸ்னோ என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே இதை நிரூபித்துவிட்டாராம், மருந்து கம்பெனிகள் மறைத்துவிட்டனவாம். பெரியம்மா நாளைக்கே பிடுங்கிக்கொள்ளத் தயார். இதில் எவ்வளவு உண்மை?

சுண்ணாம்புச்சுவர்:
மறைத்தார்களோ இல்லையோ, மறந்துவிட்டார்கள். 1912-இல் சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் என்ற மருத்துவர் சொன்னது இதுதான்: பல் வேரிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் சீழிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அவருடைய சீடர் எட்வர்ட் ரோஸ்னோ 1915-இல் மேயோவுக்குப் போனார். நோயாளியிடம் எடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை முயலுக்கு ஏற்றினார். மூட்டு நோயாளியின் கிருமி முயலின் மூட்டுக்குப் போனது, வயிற்றுப்புண்காரரின் கிருமி வயிற்றுக்குப் போனது. அந்தக் கிருமிகளைக் கொன்று வாக்சினாகவும் போட்டுப் பார்த்தார். இவ்வளவையும் ஒரே வரியில் ‘போலி’ என்று தள்ளுவது நியாயமா?

ஆய்வகத்து அக்கா:
போலி என்று நான் சொல்லவில்லை தம்பி. அந்த முயலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம் என்கிறேன். ரத்தக்குழாயில் அத்தனை கிருமியை ஏற்றினால் எங்காவது புண் வரத்தான் செய்யும். மூட்டும் இதய வால்வும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வழக்கமாகப் போய் உட்காரும் இடங்கள். அப்புறம் போலியோ. அது பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகும் வைரஸ் என்று லாண்ட்ஸ்டைனர் முதலிய ஆய்வாளர்கள் 1909-க்குள்ளேயே காட்டிவிட்டார்கள். 1916 கொள்ளைநோயின்போது ரோஸ்னோ அதிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கண்டுபிடித்து, குதிரையிலிருந்து சீரம் வேறு தயாரித்தார். எந்த நோயைத் தொட்டாலும் ஒரே கிருமி வருகிறதென்றால், நான் முதலில் கிருமி வளர்க்கும் என் தட்டுகளைக் கழுவுவேன்.

வாக்சின் கதையும் அப்படித்தான். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஆல்ம்ராத் ரைட் நடத்திய பிரிவுதான் அதற்குத் தாய்வீடு. டைபாய்டு வராமல் தடுக்க அவர் செய்த ஊசி நல்ல ஊசி. வந்த நோயை ஊசியால் விரட்டலாம் என்று போனபோதுதான் வழுக்கியது. டோஸ் முடிவு செய்ய, நோயாளியின் ரத்தத்தைச் சோதித்து, சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டில் ஒவ்வொரு வெள்ளணுவும் எத்தனை கிருமியை விழுங்கியிருக்கிறது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். நோயில்லாதவரின் ரத்தத்திலும் அதேபோல் எண்ணி, அந்தச் சராசரியால் வகுக்க வேண்டும். முப்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் சொல்கிறேன், இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை வரும்.

கம்பெனி மறைத்ததாம்! ரைட்டின் வாக்சின்களை விற்றதே பார்க் டேவிஸ் கம்பெனிதான்.

சுண்ணாம்புச்சுவர்:
சரி அக்கா, முயலை விட்டுவிடுவோம். வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி காரணம் என்று ரோஸ்னோ சொன்னார், யாரும் ஏற்கவில்லை. 2005-இல் அதே வயிற்றுப்புண் கிருமிக்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் நோபல் வாங்கினார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆய்வகத்து அக்கா:
அது வேறு கிருமி. சுருள் வடிவம், பெயர் ஹெலிகோபேக்டர். மார்ஷல் 1984-இல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். ஜோசியர் ‘வடக்கே ஏதோ நடக்கும்’ என்றார், வடக்கே மழை பெய்தது. அவரை வானிலை நிபுணர் என்பீர்களா?

பல்லுக்குப்பல்:
பல் மருத்துவர் என்ற முறையில் நானும் வருகிறேன். இந்தக் கோட்பாட்டை நம்பி எங்கள் தொழில்காரர்கள் பிடுங்கிய நல்ல பற்களுக்குக் கணக்கே கிடையாது. நியூ ஜெர்சியில் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், மனநோய்க்கே பல்தான் காரணம் என்று பிடுங்க ஆரம்பித்து, டான்சில், கடைசியில் பெருங்குடல் வரை வெட்டினார். 85 சதவீதம் பேர் குணம் என்றார். குடலை எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் செத்தார்கள். ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் 1920-களில் நேரில் போய்க் கணக்கைச் சரிபார்த்து, இது பொய் என்று எழுதினார். அந்த அறிக்கையை அமுக்கியது அவருடைய மேலாளரான அடால்ஃப் மேயர்தான். மறைத்த கதை வேண்டுமென்றால் இதை ஃபார்வர்டு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்த ஆள் நியூயார்க் மருத்துவர் ரஸ்ஸல் சிசில். 1929-இல் இதே கட்சி. முடக்குவாதக்காரர்களின் ரத்தத்திலும் மூட்டிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கிறது என்று கட்டுரை எழுதியவர். 1938-இல் ஆஞ்ஜிவைன் என்பவரோடு சேர்ந்து 200 முடக்குவாத நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டினார். பல்லையும் டான்சிலையும் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பயனும் இல்லை. அதை அப்படியே அச்சில் போட்டார். எதிரி சொன்னால் சண்டை என்று விட்டிருப்பார்கள். சொன்னது சொந்தக் கட்சிக்காரர்.

முள்ளங்கி:
குறுக்கே வருகிறேன். எனக்கு ஒன்பது வயதில் தொண்டைப்புண்ணில் ஆரம்பித்து ருமாட்டிக் காய்ச்சல். 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, தடித்த ஊசி, இரண்டு நாள் நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம். தொண்டைக் கிருமி இதயத்தைக் கெடுக்கும் என்பதை என் உடம்பே அறியும். அதனால் சுண்ணாம்புச்சுவர் சொல்வதை முழுக்கத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

பல்லுக்குப்பல்:
தள்ளவே வேண்டாம். கெட்ட வால்வு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் நானே ஆன்டிபயாடிக் கொடுக்கிறேன். அங்கே எந்தக் கிருமி, எந்த வழி என்பதெல்லாம் தெரியும். ‘எங்கோ சீழ் இருக்கும், எல்லாவற்றையும் பிடுங்கு’ என்பதோடுதான் என் சண்டை.

சுண்ணாம்புச்சுவர்:
ஈறு நோய்க் கிருமிக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டா என்று இன்றைக்கும் ஆராய்கிறார்களே டாக்டர். கேள்வி சாகவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

ஆய்வகத்து அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு டைப் அடிக்கும் வேலை மிச்சம்.

தாமிரபரணிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சிசில் கதையைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் எக்ஸ்ரே எடுப்போம், சீழ் இருக்கிற பல்லை மட்டும் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். முடக்குவாத மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. வீடியோ அனுப்பிய சொந்தக்காரர்தான் என்னோடு பேசுவதில்லை.