வேலூரிலிருந்தே மேற்பார்வை பெற வழி உண்டா?

உளவியலில் இளங்கலை முடித்துவிட்டு, காட்பாடியில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் சென்ற ஆண்டு முதல் உதவியாளராக இருக்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான நடத்தைப் பயிற்சியாளராகத் தொடர விரும்புகிறேன். பதிவுபெற்ற நடத்தைப் பயிற்சியாளர் என்பதற்கான ஆர்.பி.டி. (Registered Behavior Technician) சான்றிதழுக்குரிய 40 மணி நேரப் பயிற்சியை இணையவழியில் முடித்துவிட்டேன். ஆனால் அச்சான்றிதழை வழங்கும் அமெரிக்க வாரியம், 2023 ஜனவரி முதல் இந்தியாவில் வசிப்போரின் விண்ணப்பங்களை ஏற்பதில்லை. பயிற்சியை விற்றவர்கள் இதைச் சொல்லவே இல்லை. சென்னை அருகே முட்டுக்காட்டிலுள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் சிறப்புக் கல்வி படித்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெறலாம் என்றாலும், வேலையை விட்டுவிட்டு அங்கே தங்கிப் படிக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு மையங்களில் விசாரித்தபோது, பதிவு எண் அல்லது மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்றியதற்கான சான்று வேண்டும் என்கிறார்கள். எங்கள் மையத்திலோ மேற்பார்வையிடத் தகுதியுள்ளவர் எவரும் இல்லை.

தகுதி பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர் ஒருவரின் மேற்பார்வையை, வேலூரில் வேலை பார்த்துக்கொண்டே, நேரிலோ காணொளி வழியாகவோ பெற்றவர்கள் இங்கு இருந்தால், அதை எங்கே, எவ்வளவு கட்டணத்தில் பெற்றீர்கள்?