சித்திரைக்குப் பூட்டிய 11 நாளுக்கு எங்களுக்குச் சம்பளம் இல்லையா?

களுவாஞ்சிகுடிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். பல்கலைக்கழகம் நேரடியாக எடுத்த ஆள் இல்லை, கொம்பனி எடுத்து அங்கே விட்ட ஆள். மூன்று வருடமும் நாலு மாதமும் ஆகிறது. பெண்கள் ஹொஸ்டல் ஒன்றும் அதற்குப் பக்கத்து மண்டபமும் என் பொறுப்பு.

இந்த ஏப்ரலில் 8ஆம் திகதி புதன் தொடக்கம் 20 திங்கள் வரைக்கும் பல்கலைக்கழகத்தைப் பூட்டினார்கள். 7ஆம் திகதி பின்னேரம் நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டு நிற்கும்போது சுப்பவைசர் வந்து, "நாளைக்கு வர வேண்டாம், 21ஆம் திகதி வாங்க" என்றார். அவ்வளவுதான். கடிதம் ஒன்றும் இல்லை.

இப்போது சம்பளச் சிட்டை கையில் இருக்கிறது. வேலை செய்த நாள் 14. நாளுக்கு 1,200 படி 16,800. சேமலாப நிதிக்கு 1,344 கழித்து மிச்சம் 15,456. இரண்டு ஞாயிறு போகப் பூட்டிய 11 நாளையும் "சமுகமளிக்கவில்லை" என்ற கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். காசு குறைந்ததைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. போன மார்கழி வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் பஸ் பிடித்தவள் நான். வராமல் நின்றது நானா, கேற்றைப் பூட்டியது அவர்களா?

வருடப் பிறப்பு மாதம். பிள்ளைகளுக்குச் சட்டை, கைவிசேஷம், சீட்டுக்காசு எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்துத்தான் சமாளித்தேன். என்னோடு அதே மாடியில் வேலை செய்யும் நிரந்தர அக்காவுக்கு முழுச் சம்பளம். அவ மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா, கேட்டால் வேலை போகுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிரந்தர ஊழியர் ஒருவர்:

தங்கச்சி, எங்களுக்கும் அது சும்மா வந்த லீவு இல்லை. கல்விசாரா ஊழியருக்கு வருடத்துக்கு அமைய லீவு (திடீர்த் தேவைக்கு எடுப்பது) 21, ஓய்வு லீவு 24. எங்கள் பக்கம் பூட்டும்போது அரச விடுமுறை அல்லாத நாட்களை அந்த 24இல் வெட்டுகிறார்கள். மாணவருக்கு விடுமுறை என்றால் எங்களுக்கும் விடுமுறை என்று ஊரில் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆனால் வெட்டுவதற்கு எங்களிடம் லீவு இருக்கிறது. உங்களிடம் அதைக்கூடக் காட்டாமல் நேரே சம்பளத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

லீவு மேசை (ஓய்வுபெற்றவர், அக்கரைப்பற்று):

பிள்ளை, நான் 28 வருடம் லீவுப் பதிவு எழுதினவன். முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். உங்கள் முதலாளி யார் என்று அதில் இருக்கும். சம்பளமும் சேமலாப நிதியும் கொம்பனி கட்டுகிறது என்றால் முதலாளி கொம்பனிதான். "பூட்டிய நாளுக்குப் பல்கலைக்கழகம் எங்களுக்குத் தருவதில்லை" என்று சொல்வார்கள். அது டெண்டரில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட விசயம். அதைக் கொண்டுவந்து உங்கள் தலையில் கட்ட முடியாது.

அடுத்தது, ஏப்ரல் 13உம் 14உம். புத்தாண்டும் அதற்கு முதல் நாளும் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை, மே தினம் மாதிரி. அந்த இரண்டு நாள் 2,400 ரூபா. முதலில் அதைக் கேளுங்கள்.

பிறகு வருட லீவு. வருடம் முழுக்க வேலை செய்தவருக்கு 14 நாள் சம்பளத்தோடு உண்டு. மூன்று வருடத்தில் உங்களுக்கு ஒரு நாளாவது தந்தார்களா? தரவில்லை என்றால் மிச்சம் 9 நாளையும் அதில் வைக்கும்படி எழுத்தில் கேட்கலாம். "சமுகமளிக்கவில்லை" என்ற பதிவைத் திருத்தும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அதை லேசாக விடாதீர்கள். நாளைக்கு லீவுக் கணக்கு, சேவைக் கணக்கு எது பார்த்தாலும் அந்தக் கட்டம்தான் பேசும். அந்த 11 நாளுக்குச் சேமலாப நிதிக்குக் கொம்பனி போட வேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குப் போட வேண்டிய 3 வீதமும்கூட உங்கள் பெயரில் விழாமல் போயிருக்கிறது.

இன்னொன்று, இது எனக்கு மனவருத்தமான விசயம். டெண்டர் மாறும்போது புதுக் கொம்பனி வந்து அதே ஆட்களை அதே துடைப்பத்தோடு வைத்துக்கொண்டு புதுக் கடிதம் கொடுக்கும். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு ஒரே முதலாளியிடம் 5 வருடச் சேவை வேண்டும். கடிதம் மாற மாற அந்த 5 வருடம் நிறைவதே இல்லை. 15 வருடம் கூட்டிவிட்டு வெறுங்கையோடு போன ஒரு அம்மாவை என் கண்ணால் கண்டேன். ஆகவே பழைய கடிதம், சிட்டை ஒன்றையும் எறிய வேண்டாம், ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கொம்பனி பதில் தராவிட்டால் தொழில் அலுவலகம். தமிழில் எழுதலாம், காசு கட்டத் தேவையில்லை. தனியாகப் போகாதீர்கள்.

சம்மாந்துறை நானா:

நானும் உங்களைப்போல கொம்பனி எடுத்து விட்ட மேன்பவர் ஆள்தான், தோட்ட வேலை. எங்களுக்கும் இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. மூன்றாம் வருடம் பூட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னமே 17 பேர் கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்தோம். ஆட்கள் இல்லாத நேரத்தில்தான் தண்ணீர்த் தாங்கி கழுவலாம், மெத்தைகளை வெயிலில் போடலாம், கானில் மண் அள்ளலாம், ஆகவே எங்களை முறை போட்டு எடுங்கள் என்று கேட்டோம். ஆளுக்கு 5 நாள் வேலை கிடைத்தது, மிச்சத்தை வருட லீவில் வைத்தார்கள். முழுக்கச் சரியில்லைதான், ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலை போகுமா என்று கேட்டீர்கள் தங்கச்சி. 17 பேரில் ஒருவரையும் நிற்பாட்டவில்லை. ஒருவர் மட்டும் போய்க் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ, அதற்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன்.

களுவாஞ்சிகுடிப் பிள்ளை:

ஐயாவுக்கும் நானாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. கடிதத்தைத் தேடி எடுத்தேன், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. முதலாளி என்ற இடத்தில் கொம்பனியின் பெயர்தான் இருக்கிறது. வருட லீவு 14 என்றும் எழுதியிருக்கிறது, மூன்று வருடமாக நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. எங்கள் ஹொஸ்டலில் 9 பேர். நேற்று சாப்பாட்டு நேரம் சொன்னேன், 6 பேர் கையெழுத்து வைக்கிறோம் என்றார்கள். மற்ற மூன்று பேருக்கும் பயம், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஐயா, கடிதத்தை எழுதி இங்கே போடுகிறேன், செவ்வாய்க்கிழமைக்கு முன் ஒரு தடவை பார்த்துத் திருத்தித் தருவீர்களா?