1978 செவ்ரலே சி10: டேங்கில் மூன்று முனை, சேஸியில் இரண்டு குழாய். எது எங்கே போகும்?

காக்கிபுக்கிட்78:

வண்டி 1978 செவ்ரலே சி10 பிக்கப். 350 வி8, குவாட்ராஜெட் கார்புரேட்டர், வலப்பக்க ஸ்டியரிங்காக மாற்றியது. மாற்றியபோது பெட்ரோல் லைன்களைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை, எதிலும் அடையாளமும் வைக்கவில்லை.

டேங்க் ஒன்றுதான், வலது சேஸி சட்டத்துக்கு வெளிப்புறம். மேலே சென்டர் (sender, பெட்ரோல் அளவை முள்ளுக்குத் தெரிவிக்கும் கருவி) யூனிட்டில் மூன்று முனைகள். வெர்னியர் வைத்து அளந்தேன்: வெளிவிட்டம் 9.5, 7.9, 6.4 மி.மீ. சேஸி ஓரமாக முன்னால் வருவது இரண்டே இரண்டு இரும்புக் குழாய், 9.5 ஒன்று, 6.4 ஒன்று. 7.9-க்கு ஜோடி இல்லை. எஞ்சினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்புக்கு மூன்று வாய்: பெரிய ஹோஸ் வாய், சின்ன ஹோஸ் வாய், மரை வைத்த வாய். டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா (சார்கோல் கேனிஸ்டர்) இடத்தில் இருக்கிறது, நான்கு முனையும் காலி. பெட்ரோல் ஊற்றும் கழுத்தை ஒட்டி வரும் சின்ன ஹோஸ் வெடித்துப் பாதிதான் மிச்சம்.

1. 7.9 முனையில் ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடலாமா?
2. 6.4 குழாய் ரிட்டர்னா (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் வழி), வென்ட்டா (டேங்க் ஆவி போகும் வழி)?
3. பெட்ரோல் முள் எந்நேரமும் ஃபுல்லைத் தாண்டியே நிற்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

துருப்பிடித்தநட்டு:

முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: அடைக்காதீங்க. எது என்னன்னு தெரியாத வரைக்கும் எந்த முனையையும் அடைக்கக் கூடாது.

அளவை வச்சு 9.5-தான் பம்புக்குப் போற லைன்னு தைரியமாச் சொல்லலாம். சின்னது ரெண்டுல எது ரிட்டர்ன், எது வென்ட்னு அளவு சொல்லாது. எஞ்சின் பக்கத்துல நின்னு ஹோஸ் எது வரைக்கும் எட்டுதுன்னு பார்த்து மாட்டுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. டேங்க் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க.

டேங்கை இறக்காம ஒரு சோதனை: மூடியைத் திறந்து வையுங்க, உள்ளே கால்வாசியாவது பெட்ரோல் இருக்கணும். ஒவ்வொரு முனையிலும் ஒரு மீட்டர் ஹோஸ் மாட்டி, சைக்கிள் பம்பால மெதுவா ரெண்டு அடி. வாயால ஊத வேண்டாம், கம்ப்ரஸர் கூடவே கூடாது. ஊற்றும் கழுத்துப் பக்கம் காது வச்சா, அடி வரைக்கும் போற குழாய் குளுகுளுன்னு சத்தம் போடும், பம்பும் கொஞ்சம் எதிர்க்கும். வென்ட்டுல காத்து சத்தமில்லாம போயிடும். ஆனா ரிட்டர்ன் குழாய் சிலதுல கீழே இறங்கியிருக்கும், சிலதுல மேலேயே நின்னுடும். மேலே நிக்கிறதா இருந்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே கேட்கும், குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால டேங்கை இறக்குறதே மேல். சென்டர் மேல இருக்கறதால அதை வெளியே எடுக்க எப்படியும் இறக்கித்தான் ஆகணும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க, பெட்ரோலை மூடி போட்ட கேன்ல வடிங்க, அடியில ஜாக் கொடுத்துட்டு ரெண்டு ஸ்ட்ராப்பையும் லூஸ் பண்ணுங்க. சென்டர் வயரைக் கழற்றாம இழுத்துடாதீங்க. பூட்டு வளையத்தைப் பித்தளை உளியால தட்டித் திருப்புங்க, இரும்பு உளி பொறி கிளப்பும். வெளியே எடுத்ததும் நேராவே தெரியும்:

– நுனியில வலைப் பை மாட்டி அடியைத் தொடுறது: பம்புக்குப் போறது.
– வலை இல்லாம கொஞ்சம் இறங்கியோ, பக்கவாட்டுல வளைஞ்சோ நிக்கிறது: ரிட்டர்ன்.
– மேல்தட்டோட சமமா வெட்டி நிக்கிறது: வென்ட்.

வலைப் பையும் வளையத்துக்கு அடியில இருக்கற ரப்பர் ஓ-ரிங்கும் புதுசு போடுங்க. பழைய ஓ-ரிங் திரும்ப உட்காராது, டேங்க் நிரம்பினதும் மேலேர்ந்து கசியும்.

இதை பேஸ்மென்ட்லயோ பலமாடி கார்பேட்டையிலயோ செய்ய நினைக்காதீங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், தரையோட தவழ்ந்து எங்கேயோ இருக்கற சுவிட்ச் வரைக்கும் போகும். வடிச்ச பழைய பெட்ரோலைக் கால்வாய்ல ஊத்துறது சிங்கப்பூர்ல குற்றம். கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவங்ககிட்ட கொடுங்க.

மூன்றாம்_கியர்:

ஹோஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டி அங்குல அளவில் செய்தது. 9.5 என்பது 3/8, 7.9 என்பது 5/16, 6.4 என்பது 1/4. ஜாலான் புசார் பக்கம் கடையில் கேட்டால் பெரும்பாலும் 6, 8, 10 மி.மீ. ஹோஸ்தான் எடுத்து நீட்டுவார்கள். 8 உங்கள் 7.9-க்குச் சரியாக உட்காரும். 6 கொஞ்சம் இறுக்கம், நுனியில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவினால் ஏறிவிடும். வினை 10-இல்தான். 9.5 குழாயில் அரை மில்லி தொளதொளப்பு. கிளிப்பை முறுக்கினால் ரப்பர் ஒரு பக்கம் மடிந்து, அந்த மடிப்பு வழியே காற்று நுழையும்.

டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ளது உறிஞ்சும் பக்கம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே காய்ந்த தரையைப் பார்த்து ‘லீக் இல்லை’ என்று முடிவு கட்டிவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்து மேய்பவர்கள்தான் அதிகம். ஐடிலில் நன்றாக ஓடும், மேம்பாலம் ஏறும்போது பெட்ரோல் எட்டாமல் திணறும். இதுதான் அடையாளம்.

ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30ஆர்7 அல்லது ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்குப் போதும். ஊற்றும் கழுத்து ஹோஸுக்கு ஜே30ஆர்6. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் சோதனைக்கு மட்டும். வண்டியில் விட்டால் சில மாதங்களில் கல்லாகி விரிசல் விடும்.

புதிதாக லைன் இழுப்பதானால் ஏர்கான் செப்புக் குழாயைத் தொடாதீர்கள். கிடைப்பது எளிது, வளைப்பதும் எளிது, ஆனால் அதிர்வில் இறுகி வளைவில் வெடிக்கும். இரும்பு அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய் வாங்குங்கள். ஹோஸ் ஏறும் முனையில் சின்ன வீக்கம் விடச் சொல்லுங்கள், வெறும் வெட்டு முனையிலிருந்து ஹோஸ் நழுவிவிடும்.

பாதை உங்கள் வண்டிக்கென்றே உள்ள சிக்கல். பம்ப் எஞ்சினின் வலப்பக்க முன்புறம். இப்போது ஸ்டியரிங் பாக்ஸும் தண்டும் அதே பக்கம், வலது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அங்கேதான். பழைய குழாய் போன வழியிலேயே ஹோஸை விட்டால் தண்டு உரசும் அல்லது சூட்டில் பெட்ரோல் கொதிக்கும். பம்பின் வாய் வரை இரும்புக் குழாயையே கொண்டுவந்து, கடைசி 15 செ.மீ. மட்டும் ஹோஸ் போடுங்கள். ஸ்டியரிங்கை இரு கோடி வரை திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளாம்ப் அடியுங்கள்.

காக்கிபுக்கிட்78:

இறக்கிப் பார்த்தாகிவிட்டது. 9.5-இல் வலைப் பை (கையில் எடுத்ததும் பொடியானது). 6.4 பாதி வரை இறங்கிப் பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. 7.9 மேல்தட்டோடு சமமாக முடிகிறது. ஆக 6.4 ரிட்டர்ன், 7.9 வென்ட். சென்டரிலிருந்து சேஸிக்குப் போகும் கறுப்பு வயர் அறுந்து தொங்குகிறது. கேனிஸ்டருக்கு எப்படி லைன் கொடுப்பது?

துருப்பிடித்தநட்டு:

அப்போ முள்ளோட கதையும் முடிஞ்சுது. அந்தக் கறுப்பு வயர்தான் எர்த். ஜிஎம் (செவ்ரலே கம்பெனி) சென்டர்ல டேங்க் காலியா இருந்தா 0 ஓம், நிரம்பினா 90 ஓம். எர்த் அறுந்தா தடை எல்லையில்லாம ஏறும், முள் ஃபுல்லைத் தாண்டிப் படுத்துக்கும். சேஸியில பெயின்டைச் சுரண்டி வெளுத்த இரும்புல புது வயரை முடுக்குங்க. டேங்கை ஏத்துறதுக்கு முன்னாடி மிதவையைக் கையால தூக்கி மல்டிமீட்டர்ல பாருங்க, நடுவுல எங்கேயும் குதிக்கக் கூடாது. ஜொகூர் போறதா இருந்தா, முக்கால் டேங்காவது இருந்தாத்தான் சிங்கப்பூர் வண்டி எல்லை தாண்டலாம்னு விதி இருக்கு, உட்லண்ட்ஸ்ல முள்ளைத்தான் பார்ப்பாங்க. எப்பவும் ஃபுல் காட்டுற முள்ளோட அங்க போய் நிக்காதீங்க.

7.9-க்கு புது 5/16 லைன் கேனிஸ்டர் வரைக்கும் இழுங்க. முக்கியமான விஷயம், வழியில எங்கேயும் தொய்வு விழக் கூடாது. தொய்வுல ஆவி குளிர்ந்து பெட்ரோலா தேங்கும், அந்த ஒரு கரண்டி போதும் வென்ட்டை அடைக்க. டேங்கை விட்டதும் முதல்ல மேலே ஏத்தி, அப்புறம் சேஸி ஓரமா முன்னால கொண்டு போங்க.

அடைபட்டா ரெண்டு விதமாப் படுத்தும். வெயில்ல நிறுத்தின வண்டியில டேங்க் அழுத்தம் ஏறி, பெட்ரோல் கார்புரேட்டர் ஊசியைத் தள்ளிக்கிட்டு எஞ்சினுக்குள்ள வழியும், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. காத்து விடாத மூடி போட்டிருந்தா, ஓட ஓட டேங்க்ல வெற்றிடம் விழுந்து வண்டி நிக்கும். மூடியைத் திறந்தா ‘உஸ்’ன்னு இழுக்கும், உடனே ஸ்டார்ட் ஆகும்.

கேனிஸ்டர் முனைகள்ல பிளாஸ்டிக்கிலேயே எழுத்து இருக்கும், டார்ச் அடிச்சுத் துடைச்சுப் பாருங்க. டேங்க்னு போட்டதுல இந்த 7.9 லைன். கார்ப் பவுல்னு இருந்தா கார்புரேட்டர் கிண்ணத்தோட வென்ட். பர்ஜ் (சேர்ந்த ஆவியை எஞ்சின் இழுத்துக்குற வாய்) போறது பிசிவி ஹோஸுக்கு (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்புற ஹோஸ்). வேக்-னு இருக்கற மெல்லிசு, கார்புரேட்டர் பட்டர்ஃபிளைக்கு (த்ராட்டில் தட்டு) மேல இருக்கற வேக்குவம் முனைக்கு, அப்பதான் ஐடில்ல பர்ஜ் திறக்காம இருக்கும். டேங்க் வென்ட்டை நேரா மேனிஃபோல்டுல மாட்டிடாதீங்க, ஐடில் கெட்டு புகை தள்ளும்.

மாட்டறதுக்கு முன்னாடி கேனிஸ்டரைக் கையில தூக்கிக் குலுக்குங்க. கனமா இருந்தா, பெட்ரோல் சொட்டினா, பர்ஜ் வழியா கரித்தூள் கொட்டினா தூக்கிப் போட்டுடுங்க. அடியில இருக்கற பஞ்சு ஃபில்டர் நிச்சயம் பொடிஞ்சிருக்கும், அது மட்டும்னா மாத்திக்கலாம்.

மூன்றாம்_கியர்:

இரண்டு சேர்க்கை. பம்பின் சின்ன வாய்தான் ரிட்டர்ன், 6.4 லைன் அதற்கு. அந்த வாய்க்குள் ஒரு நுண்துளை இருக்கும். அதைப் பெரிதாக்கினால் அழுத்தம் விழும், அடைத்துவிட்டால் நம் வெயிலில் நெரிசலில் நிற்கும்போது பம்பிலேயே ஆவிப்பூட்டு (பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது) விழும்.

ஊற்றும் கழுத்தின் வெடித்த ஹோஸைத் தள்ளிப் போடாதீர்கள். பெட்ரோல் உள்ளே போகும்போது காற்று வெளியேறும் வழி அது. இல்லாவிட்டால் நிலையத்தில் நாசில் இரண்டு லிட்டருக்கு ஒருமுறை கட் ஆகும், கழுத்து வழியே திரும்பியும் பீச்சும்.

எல்லாம் மாட்டியதும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், கார்புரேட்டர் முனையில் லைனைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பத்துப் பத்து வினாடியாக. மொத்தம் 30 முதல் 45 வினாடிக்குள் அரை லிட்டர் வர வேண்டும். குமிழி குமிழியாக வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. முதலில் 9.5 ஹோஸின் இரு கிளிப்புகளையும் பாருங்கள்.