மூன்று மணி நேரம், 200 மீட்டர் ஆறு: எங்கிருந்து தொடங்குவது?

கரையோரத்தான் எழுதியது:

வணக்கம். செப்டம்பரில் வேல்ஸில், லங்கொல்லென் அருகே டீ ஆற்றில் ஃபிளை (போலி ஈயைத் தூண்டிலில் கட்டி வீசும்) மீன்பிடிப் போட்டி. எனக்கு இது இரண்டாவது. சென்ற ஆண்டு காலை அமர்வில் நான்கு மீன், மாலையில் ஒன்றுகூட இல்லை. அந்த வெறுங்கை இன்னும் உறுத்துகிறது.

உலகப் போட்டி விதிகள்தான். குலுக்கலில் ஆளுக்கு ஒரு பீட் (ஒருவருக்கு ஒதுக்கும் ஆற்றுப் பகுதி), சுமார் 200 மீட்டர், மூன்று மணி நேரம். 20 செ.மீ.க்குக் குறைந்த மீன் கணக்கில் வராது. மீனுக்கு 100 புள்ளி, ஒவ்வொரு செ.மீ.க்கும் 20 புள்ளி. அமர்வுக்கு முன் கரையில் நடந்து பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது.

மாலையில் எனக்கு விழுந்த பீட்டின் கீழ்முனையில் இடுப்பளவு ஆழத்தில் சீரான ஓட்டம், நடுவில் முழங்காலளவு சலசலப்பு நீர், மேல்முனையில் பாறையடியில் ஒரு மடு. மடுவில் பெரிய மீன் ஒன்று மேலெழுந்ததைப் பார்த்ததும் நடு ஆற்றின் வழியாகவே நேரே அங்கு போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம் அதிலேயே கரைந்தது. இப்படி ஒரு பீட் மறுபடி விழுந்தால் நேரத்தை எப்படிப் பங்கிடுவீர்கள்?

அளவுப்பலகை எழுதியது:

நான் போட்டியாளன் அல்ல. ஆறு ஆண்டுகளாகக் கண்காணிப்பாளராக, அளவுப்பலகையோடு கரையில் நிற்பவன். எனவே ஒரே பீட்டில் காலையில் ஒருவரும் மாலையில் மற்றொருவரும் மீன்பிடிப்பதை அருகிலிருந்து பார்க்கிறேன்.

முதலில் புள்ளிக் கணக்கு. 40 செ.மீ. மீனுக்கு 900 புள்ளி. 20 செ.மீ. மீன் இரண்டுக்கு 1,000. நீங்கள் மடுவில் துரத்திய மீன், சலசலப்பு நீரில் கிடக்கும் இரண்டு சின்ன ட்ரவுட்டுக்கு ஈடாகாது. வெறுங்கையோடு கரையேறினால் அந்த அமர்வில் கடைசி இடம்தான். முதல் மீன் வலையில் விழும்வரை மடுவை மறந்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, நடு ஆற்றின் வழியாக நடந்தது. ஒரு மாலை அமர்வில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். போட்டியாளர் ஒருவர் தண்ணீரைத் தொடவே இல்லை. விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, கூழாங்கல்லில் மண்டியிட்டார். கோலை மட்டும் நீட்டி, கணுக்கால் நனையும் அளவு ஆழத்தில், கரையை ஒட்டிய இரண்டு கற்களின் இடுக்கில் நிம்ஃபை (நீரில் மூழ்கும் போலிப் பூச்சி) இட்டார். மூன்றாம் வீச்சில் 23 செ.மீ. பிரவுன் ட்ரவுட். காலையில் வந்தவர் ஆற்றில் இறங்கும்போது மிதித்துச் சென்ற இடம் அது!

எனவே கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கி ஏறுங்கள். முதலில் காலடி விளிம்பு, பிறகு ஓட்டத்தின் இந்தப் பக்கம், அதன் பிறகே அந்தப் பக்கம். மீன் மேல்நோக்கி முகம் வைத்து நிற்கும், நீங்கள் அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பீர்கள். டீயின் பாறைத் தளம் மிகவும் வழுக்கும். விழுந்தால் உடம்புக்கும் கேடு, சுற்றியுள்ள நீரும் கெட்டுவிடும்.

மடுமீன் எழுதியது:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். எந்த மீன் கிடைத்தது என்பதைப் பார்த்து அடுத்த அடியை முடிவு செய்யுங்கள். ட்ரவுட் பெரும்பாலும் தன் கல்லுக்குத் தனியாக நிற்கும், எடுத்ததும் நகருங்கள். கிரேலிங் கூட்டமாக நிற்கும், செப்டம்பரில் இன்னும் நெருக்கமாக. இடுப்பளவு ஓட்டத்தில் ஒரு கிரேலிங் வந்தால் கால் பெயராமல் அதே கோட்டில் மறுபடி வீசுங்கள். டங்ஸ்டன் மணி வைத்த நிம்ஃப் அடிக்கல்லை அவ்வப்போது தட்டிக்கொண்டு போக வேண்டும். தட்டவே இல்லையென்றால் எடை போதாது.

நீர்மட்டத்தையும் பாருங்கள். மேலே லின் கெலின் நீர்த்தேக்கம் இருப்பதால், அங்கிருந்து நீர் திறந்துவிட்டால் மழை இல்லாமலும் டீ உயரும். கோர்வென் அளவீட்டு நிலையம் உங்களுக்கு மேற்புறம் இருக்கிறது, ஏற்றம் அங்கே முன்னதாகத் தெரியும். முந்தைய இரவே இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

கரையோரத்தான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த முழங்காலளவு நீரை நான் வெறும் பாதையாகவே பயன்படுத்தியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. காலையில் ஒருவர் மீன்பிடித்துவிட்டுப் போன பீட் மாலையில் கிடைத்தால்?

மடுமீன் எழுதியது:

அவர் விட்டுவைத்ததைத் தேடுங்கள். எல்லோரும் நல்ல ஓட்டத்தில்தான் நிற்பார்கள். எதிர்க்கரையில் கிளை தாழ்ந்த இடம், சலசலப்பு நீரில் வாளியகலக் குழிகள், இவற்றில் ஈயை இழப்போம் என்ற பயத்தில் பலர் வீசுவதில்லை. தூண்டில் நரம்பை ஒரு படி மெல்லியதாக்கி, நிம்ஃபையும் சிறிதாக்குங்கள். குழிக்கு நான்கு வீச்சு போதும். மடுவுக்குக் கடைசி அரை மணி நேரம். அப்போதும் மீன் மேலெழுந்தால் டிரை ஃபிளை (நீர்மேல் மிதக்கும் போலி ஈ) போடுங்கள்.

அளவுப்பலகை எழுதியது:

என் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மீனையும் கண்காணிப்பாளரிடம் கொண்டுவந்து அளக்க வேண்டும். அவர் 100 மீட்டர் தள்ளி நின்றால் பத்து மீனுக்கு உங்கள் நேரம் எவ்வளவு போகும் என்று பாருங்கள். நீங்கள் நகர நகர, கரையோடு கூடவே வரச்சொல்லித் தொடக்கத்திலேயே கேளுங்கள். நாங்கள் மகிழ்ச்சியாக வருவோம். வலையைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் நடந்து வாருங்கள், மீனும் நலமாகத் திரும்பிப் போகும்.