மாலைப் படிப்பகம் நடத்தும் நாங்கள் உடல்நலத்திலும் தொழிற்பயிற்சியிலும் இறங்கலாமா?

செங்கத்துக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டத்தில், நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஒரு மாலைப் படிப்பகம் நடத்தி வருகிறோம். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்களில் இருவர் தன்னார்வலர்களாக இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் தொடங்கியதுதான் இது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறத்தாழ 40 பிள்ளைகள் வருகிறார்கள். பதிவு எதுவும் இல்லை. செலவை எங்கள் சம்பளத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.

இந்த ஆண்டு மூன்று பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்து, வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்து, அரையாண்டுத் தேர்வோடு நின்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கல் முடிந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். இன்னொருவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்று, இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறான். பாடம் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பது இதில் எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் நிலையை அறிந்த ஒரு வியாபாரி பத்துத் தையல் இயந்திரம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேறொருவர் மருத்துவ முகாம் நடத்தச் சொல்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் மாதம் ஒரு தொகை அனுப்பத் தயாராக இருக்கிறார். கல்வி, உடல்நலம், தொழில்திறன் மூன்றையும் நாங்களே எடுத்துச் செய்வது சரியா? பதிவு செய்வதாக இருந்தால் எப்படிச் செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற செவிலியர்

தம்பி, 30 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் என்பதால் உடல்நலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருத்துவ முகாம் வேண்டாம். பந்தல் போட்டு, பேனர் கட்டி, ஒரே நாளில் முந்நூறு பேரைப் பார்த்து அனுப்பினால் புகைப்படம் நன்றாக வரும். அந்தப் பெண்ணின் தலைசுற்றல் மறு வாரமும் அப்படியே இருக்கும்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இதற்காகத்தான் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரையும் உண்டு. மாத்திரைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது, அது வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் சிக்கல். நான் பார்த்துவந்த பள்ளி ஒன்றில் கழிவறைச் சுவரின் பின்பக்கம் பிள்ளைகள் வீசியெறிந்த மாத்திரைகள் மழையில் நனைந்து, அவற்றின் மேற்பூச்சுக் கரைந்து, மண்ணே நீலமாகிக் கிடந்ததை ஒரு நாள் பார்த்தேன். பிள்ளைகளைத் திட்டாமல் உட்கார வைத்துக் கேட்டபோதுதான், காலையில் சாப்பிடாமல் வருகிற பெண்களுக்கு அதை விழுங்கியதும் குமட்டல் வருகிறது என்பதும், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து ஏதோ நோய் என்று பயந்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க ஏற்பாடு செய்தோம். மலம் கறுப்பது இயல்புதான் என்று சொல்லி வைத்தோம். மாத்திரையோடு டீ குடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அதற்குப் பிறகு சுவரின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

ஆகவே உங்கள் படிப்பகம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்தப் பெண்ணை, அவளுடைய அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. எவ்வளவு நாள் எந்த மாத்திரை என்பதை மருத்துவர் சொல்வார். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருக்கிறதா என்று விசாரிக்கப் பெண் தன்னார்வலர் ஒருவர் உங்களுடன் கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து பேரும் ஆண்களாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பள்ளியை விட்டு நின்ற பெண்களுக்கு இதே மாத்திரை அங்கன்வாடி வழியாகக் கிடைக்கும் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவதே பெரிய வேலை.

ஐ.டி.ஐ. பயிற்றுநர்

செவிலியர் அம்மா சொன்னதையே தொழிற்பயிற்சிக்கும் சொல்வேன். தையல் இயந்திரத்தைப் பணிவுடன் மறுத்துவிடுங்கள், அல்லது இரண்டு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து இயந்திரம் வந்தால் பயிற்சியாளர் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் உங்கள் தலையில் விழும். உங்கள் ஊரில் நின்றுபோன மூவரில் எவருக்காவது தையல்தான் தேவை என்று கேட்டீர்களா? கொடுப்பவர் கையில் இருப்பதைக் கொண்டு தேவையை முடிவு செய்வது நம் ஊர்த் தொண்டு அமைப்புகள் பலவற்றின் பழைய நோய்.

சூளைக்குப் போன பையனிடமிருந்து தொடங்குவோம். ஒன்பதில் நின்றவன் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கையில் இருக்கிறது. ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் சேர அதுவே போதும். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். வெல்டர் ஓராண்டு, வயர்மேன் ஈராண்டு. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்து அட்டை, சீருடை, மிதிவண்டி எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டால் பிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளும் திறக்கும் என்பதால், முடிந்தவரை பள்ளிக்குத் திருப்பி அனுப்பப் பார்ப்பதே நல்லது. கணக்கில் தோற்றவனுக்கு அந்த ஒரு பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும். இந்த ஆண்டுத் தேதி தவறியிருந்தால் அடுத்த முறைக்கு இப்போதே கணக்கு சொல்லிக் கொடுக்கத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வருவானா என்று பாருங்கள்.

நான் பார்த்தவரை பிள்ளைகள் தவறிப்போவது பயிற்சி இல்லாததால் அல்ல, காகிதம் இல்லாததால்தான். மாற்றுச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொரு தேதி. சாதிச் சான்றிதழ் வாங்கவே இல்லை. வங்கிக் கணக்கில் கைப்பேசி எண் பழையது. சவ்வாது மலையிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதச் சேர்க்கைக்கு வரும் பிள்ளை, ஜனவரியிலேயே இ-சேவை மையத்துக்குப் போயிருக்க வேண்டும். 40 பிள்ளைகளுக்கும் ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை, எதில் பெயர் பிழை என்று எழுதி வையுங்கள். பத்துத் தையல் இயந்திரத்தைவிட அந்த நோட்டு அதிகம் உழைக்கும்.

சூளைக் குடும்பங்களுக்கு இன்னொரு வழி விடுதி. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் 2025 ஜூலையிலிருந்து சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. குடும்பம் கிளம்புவது பொங்கலுக்குப் பிறகு என்றாலும் விடுதிச் சேர்க்கை கல்வியாண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. எனவே எந்தெந்தக் குடும்பம் தையில் கிளம்பும் என்பதை ஆனி மாதத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி முன்பணம் கொடுத்த பிறகு போய்ப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கணக்கர்

பதிவைப் பற்றி எவரும் சொல்லாததால் எழுதுகிறேன். சங்கமாகப் பதிவதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஐந்து பேர் என்பதால் அறக்கட்டளைதான் எளிது. அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அதன் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் தொடங்க வேண்டும். நோக்கம் பற்றிய பத்தியைக் கவனமாக எழுதுங்கள். கல்வி என்று மட்டும் எழுதிவிட்டு நாளை ஐ.டி.ஐ. கட்டணமோ மருந்துச் செலவோ செய்தால் கேள்வி வரும். வருமான வரி விலக்குக்கு 12ஏபி என்றும், கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி என்றும் வழக்கில் சொல்லப்படும் பதிவுகள் தனித்தனி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

சிங்கப்பூர் உறவினர் இன்னும் இந்தியக் குடிமகன்தானா என்று முதலில் கேளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், அவர் உறவினராக இருந்தாலும், வெளிநாட்டு இந்தியர் (ஓ.சி.ஐ.) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும் என்பதால் உங்களுக்கு இப்போது அது எட்டாது. நல்லெண்ணத்தோடு செய்தோம் என்பது இந்தச் சட்டத்தில் பதில் ஆகாது.

செங்கத்துக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. விசாரித்தேன், உறவினர் 2019இலேயே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டாராம். பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அவருக்குச் சற்று வருத்தம்தான். தையல் இயந்திரத்துக்குப் பதிலாக மூன்று பிள்ளைகளின் பேருந்துச் செலவையும் சான்றிதழ்க் கட்டணத்தையும் ஓராண்டுக்கு ஏற்க முடியுமா என்று வியாபாரியிடம் கேட்டோம். திறப்பு விழா இருக்குமா என்று அவர் கேட்டார். பதில் இன்னும் சொல்லவில்லை.

நோட்டை நேற்றே தொடங்கினோம். முதல் 12 பக்கத்திலேயே ஐந்து பேருக்கு ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருப்பது தெரிந்தது. எங்களுடன் படித்த தோழி ஒருவர், அங்கன்வாடியில் பணிபுரிபவர், வாரம் இரண்டு நாள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர்

நல்லது தம்பி. அந்தப் பெண்ணை வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். இந்தப் பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வரிசையில் நின்று மயங்கி விழுந்தால் அவள் அம்மா இரண்டாவது முறை அனுப்ப மாட்டார்.