துறைமுகச் சங்கத்தை உடைத்தது குணசிங்கவா, நாட்கூலியா?

முகத்துவாரம்:
1927 பெப்ரவரியில் வேலைநிறுத்தத்தால் கொழும்புத் துறைமுகம் நின்றது என்றாலே தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் பெயரைத்தான் சொல்கிறோம். சிங்களவர், தமிழர், மலையாளிகள் எல்லோரும் சேர்ந்து வெளியே வந்ததால்தான் அன்று கூலி கூடியது. பத்து வருஷத்துக்குள் அதே குணசிங்க மலையாளிகளை வெளியேற்றச் சொல்லி மேடையேறினார். 1922இல் அவர் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தில் கூட இருந்த, இந்தியத் தமிழ்த் தொழிலாளரின் தலைவர் நடேசய்யரும் ஏற்கெனவே பிரிந்து போயிருந்தார். சங்கம் உடைந்தது இனவாதத்தால்தான்.

கணக்குப்பிள்ளை:
இனவாதத்தை நான் மறுக்கவில்லை அண்ணே. ஆனால் அங்கே வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். கப்பல் நடுத்துறையில் மிதவையில் கட்டி நிற்கும். விஞ்ச் சரக்கைத் தூக்கி லைட்டர் படகில் இறக்கும், படகு கரைக்கு வரும், அங்கிருந்து மூட்டை தோளில் ஏறிக் கிடங்குக்குப் போகும். கரையில் ஆளில்லாவிட்டால் நிறைந்த லைட்டர் அப்படியே கிடக்கும், வெற்று லைட்டர் இல்லாமல் விஞ்சும் நின்றுவிடும். கப்பல்காரனுக்கு நாளுக்கு நாள் நட்டம். 1927இல் தொழிலாளரின் கை ஓங்கியது இதனால்தான்.

ஆனால் அதே ஆட்களை, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி தினமும் காலையில் பொறுக்கித்தான் உள்ளே எடுப்பான். வேலைநிறுத்தம் முடிந்ததும் முன்னுக்கு நின்றவனை நீக்கத் தேவையே இல்லை, கூப்பிடாமல் விட்டால் சரி. கடிதமும் இல்லை, முறையிட இடமும் இல்லை. நிரந்தரச் சம்பளப் பட்டியலே இல்லாத இடத்தில் மாதச் சந்தாவை எப்படி ஒழுங்காகப் பிடிப்பது?

முகத்துவாரம்:
அந்தக் கங்காணி யாரைப் பொறுக்கினான்? தன் ஊரான், தன் மொழிக்காரன். ஒரு கூட்டம் வெளியே நின்றால் வேறு மொழிக் கூட்டத்தை உள்ளே விடலாம். அதை மறிக்க எல்லோரும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும். தலைவரே ஒரு பகுதியை அந்நியன் என்றால் மறிப்பது யார்?

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் 1958 ஓகஸ்ட் 1ஐப் பாருங்கள். துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் வந்தது, தனியார் கையிலிருந்த ஏற்றியிறக்கும் வேலை அரசிடம் போனது. தொழிலாளிக்குப் பதிவேட்டில் பெயர் கிடைத்தது. இதைத் தந்தது தலைவரின் நல்ல மனசு இல்லை, வேலைமுறை மாறியதுதான்.

முகத்துவாரம்:
யாருடைய பெயர் தம்பி? 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியவழித் தொழிலாளரை நாடற்றவராக்கிக் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆகியிருந்தது. 1958 மே மாதத் தமிழர் எதிர்ப்புக் கலவரம் முடிந்து மூன்று மாதமும் ஆகவில்லை. 1927இல் லைட்டரை நிறுத்தியவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தப் பதிவேட்டில் ஏறியிருப்பார்கள்?

கணக்குப்பிள்ளை:
1948ஐ நான் கணக்கில் எடுக்கவில்லை, அது என் பிழை. ஆனாலும் நாட்கூலியை ஒழிக்காமல் வெறும் ஒற்றுமையால் அந்தச் சங்கம் நிலைத்திருக்கும் என்பதை ஏற்கமாட்டேன்.