பலூன் லோரா: குளிரில் அலைவரிசை நழுவுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகளோடு 30 கி.மீ. உயரத்துக்குப் பலூன் விடப் போகிறோம். டர்பனில் விட்டால் மேற்குக் காற்று கடலுக்குள் தள்ளிவிடும், அதனால் உள்நாட்டில் இருக்கும் ஹாரிஸ்மித் பக்கம் விடுகிறோம்.

பலூனிலிருந்து தரைக்குத் தகவல் அனுப்ப எஸ்எக்ஸ்1278 லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் ரேடியோ) சிப், 434 மெகாஹெர்ட்ஸ், 10 மில்லிவாட், 17 செ.மீ. கம்பி ஆண்டெனா. அந்த உயரத்தில் தொடுவானமே சுமார் 600 கி.மீ., தூரம் பிரச்சினையில்லை. குளிர்தான் படுத்துகிறது. பேண்ட்வித் (சிக்னல் பிடிக்கும் அலைவரிசை அகலம்) 20.8 கிலோஹெர்ட்ஸ் வைத்து ஃப்ரீசரில் போட்டால் பாக்கெட் நின்றுவிடுகிறது. அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) நழுவினாலே 4.3 கிலோஹெர்ட்ஸ்; லோரா தாங்குவது பேண்ட்வித்தில் கால்பங்கு, அதாவது 5.2தான், இன்னும் சற்று நழுவினால் போச்சு. 62.5 வைத்தால் பிழைக்கிறது, ஆனால் உணர்திறன் 5 டெசிபல் அளவுக்குக் குறையும். அதை இழக்க மனமில்லை.

டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாறினாலும் அதிகம் நழுவாத கிரிஸ்டல்) உள்ள மாட்யூல் இங்கே மலிவாக எங்கே கிடைக்கும்? நழுவும் அலைவரிசையைத் தரையிலேயே பின்தொடரும் நிரல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.